படுத்தால் இல்லாத வலி

படுத்தால் ஒன்றுமில்லை.
காற்றாடி சுற்றுகிறது, ராயபுரம் கூட்ஸ் வண்டி
தன்பாட்டுக்குக் கடகடத்துப் போகிறது.
எழுந்து உட்கார்ந்தால்தான்
காசிமேட்டில் ஐஸ் பாரை இழுக்கும் கொக்கியைப்
பிடரியில் மாட்டி
யாரோ இழுக்கிறார்கள்.
கண்ணுக்குப் பின்னாலிருந்து கழன்று வருகிறது தலை.

தையல் வலிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.
இதை ஒருத்தரும் சொல்லவில்லை.

மயக்க மருந்து டாக்டர் தமயந்தி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.
"படுத்தா போயிடுதா?"
"போயிடுது."
"எந்திரிச்சா?"
நான் எழவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதுகில் ஊசி இறங்கிய இடத்தில்
தண்டுவட உறையில் ஒரு பொத்தல்,
கடுகைவிடச் சின்னது.
மூளை மிதக்கிற தண்ணீர் அதன் வழியே கசிகிறதாம்.
சொல்லிக்கொண்டே எழுதினார்:
பாராசிட்டமால், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று.
தண்ணீர், தாகம் தீர.
அப்புறம், பேனாவை மூடிவிட்டு,
காபி.

"காபியா?" என்றார் என் மாமியார் எஸ்தர்.
பச்சை உடம்புக்காரி என்று சொல்லி
இரண்டு நாளாய்ப் பூண்டுக் குழம்பைத் தவிர
எதையும் என் பக்கம் அண்டவிடாதவர்.
"மருந்துதாம்மா அது. திக்கா, ரெண்டு டம்ளர்."
"சர்க்கரை?"
"அது உங்க இஷ்டம்."
பாலோடு பிள்ளைக்கும் போகுமா என்று கேட்டேன்.
"கொஞ்சம் போகும். இன்னிக்கு ராத்திரி
ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க."

அவன் எண்ணூர் சாலையில்
இரண்டாம் நாளாக டிரெய்லரோடு நிற்கிறான்.
துறைமுக கேட்டுக்கும் அவனுக்கும் நடுவில்
நூற்றுப் பத்து வண்டி.
போனில் சொன்னேன், பொத்தல், கசிவு, எல்லாம்.
"பஞ்சரா?" என்றான்.
"அப்டித்தான்."
"ஒட்டு போட மாட்டாங்களா?"
போடுவார்களாம்.
கையிலிருந்து என் ரத்தத்தையே எடுத்து
முதுகில் ஏற்றினால்
உறைந்து அடைத்துக்கொள்ளுமாம்.
மருந்து கேட்காவிட்டால் மட்டும்.
அவன் பேசவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
வரிசை நகரவில்லை. சும்மா அடித்தார்கள்.

ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுக்கிறேன்.
என் மகளை எனக்குப் பக்கவாட்டில்தான் பழக்கம்:
ஒரு காது, ஒரு கன்னம், பாதி மூக்கு.
பக்கத்துக் கட்டில் நசீமா
தன் பையனை மடியில் மல்லாத்தி
முழு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.
பொறாமை என்றால் பொறாமைதான்.

பிளாஸ்க் இரண்டு முறை காலியானது.
நெஞ்சு படபடத்ததே தவிர
கொக்கி விடவில்லை.
மூன்றாம் நாள் டிரிப்பில் இன்னொன்று சேர்த்தார்கள்.
நர்ஸ் உடைத்த குப்பியின் பெயரைப் படித்தேன்,
அமினோபிலின்.
எனக்குத் தெரிந்த பெயர்.
எண்ணூர்ப் புகையில் மூச்சிரைத்த அப்பாவுக்கு
ஸ்டான்லியில் இதைத்தான் ஏற்றினார்கள்.
"இது வீசிங் மருந்தாச்சே, சிஸ்டர்?"
"தலைக்கும் கேக்கும். சிலருக்கு. கையை ஆட்டாதீங்க."

அவர் சொன்ன அந்தச் சிலரில்
நான் இருக்கிறேனா என்று
சொட்டுச் சொட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை, எஸ்தர் தூங்கும்போது,
கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து எண்ணினேன்.
நேற்று பத்தைத் தாண்டியதில்லை.
முப்பது. ஐம்பது.
பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி
எனக்கு நேராகப் பிடித்தேன்.
மறு பக்கத்துக் காது நுனியில் மடங்கியிருக்கிறது,
அவனுடையது போலவே.
எழுபத்தி நாலில் வலி வந்தது.
வரட்டும், படுத்துக்கொண்டேன்.

போன் அடித்தது.
"பதினேழு வண்டி உள்ளே போயிடுச்சு" என்றான்.
"உனக்கு?"
"எழுபத்தி நாலு" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.